கர்ப்பிணிகளைச் சோதிக்காத கருணை

“மாத்திரைய நிறுத்தணுமா, தொடரணுமா, அத மட்டும்—”

“இருங்கம்மா, வாக்கியத்துல பிழை இருக்கா, இல்லையா—”

“வாக்கியத்த நான்தானே சார் எழுதினேன்.”

“அதான் சொல்றேன். நல்லா எழுதியிருக்கீங்க” என்றார் கூட்டத்தில் இருந்த பிரிவுத் தலைவர்.

கருணைக்குப் பேர்போனவர்கள் உலகில் ஆயிரம் பேர் இருக்கலாம். அத்தனை பேர் கருணையும், கர்ப்பிணிகள்பால் ஒரு மருந்துக் கம்பெனி காட்டிய கருணைக்கு உறைபோடக் காணாது. மாத்திரைப் பெட்டிக்குள் வைக்கும் தாளை எழுதும் அதன் ‘எச்சரிக்கை வாசகப் பிரிவு’, ஒரு காற்புள்ளிக்காக ஒரு நாள் முழுக்கக் கூடிப் பேசும். அங்கே வாசகம் எழுதுகிறவளுக்குச் சிறுவயதிலிருந்தே வலிப்பு. விழுங்குவதும் சொந்தக் கம்பெனி மாத்திரையே. விசுவாசம் என்றால் அது. இப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

“உன் புருஷன சுமக்கறப்ப நான் ஒரு மாத்திரை தொட்டதில்ல. அவன் மூளை எப்படி வேல செய்யுது பாரு” என்றார் மாமியார். புருஷன் அந்நேரம் டிவி ரிமோட்டால் மின்விசிறியை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மாவிடம் போனாள். அவர் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளை விரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்.

“‘கர்ப்பிணிகள் மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும்’னு போட்டிருக்கு.”

“மருத்துவர் நீங்கதானே டாக்டர்?”

“ஆமா. நான் கலந்தாலோசிக்கறது இந்தத் தாளத்தான். யாரோ விவரமானவங்க எழுதியிருக்காங்க. எங்கயும் மாட்டிக்கல.”

பழக்க தோஷம், அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“நீங்களா நிறுத்திடாதீங்க. வலிப்பு வந்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்து. குழந்தை மூளைக்கு இது என்ன பண்ணும்னு உங்க கம்பெனியத்தான் கேக்கணும்.”

கேட்கத்தான் இந்தக் கூட்டத்துக்குள் நுழைந்திருந்தாள்.

“இந்த மாத்திரை சாப்பிட்டவங்களுக்குப் பிறந்த குழந்தைங்க மூளை எப்படி வளருதுன்னு யாராவது பாத்திருக்கோமா சார்?”

பிரிவுத் தலைவர் காதைப் பொத்தாத குறை. “கர்ப்பிணிய வெச்சு சோதனையா? பாவம்மா அது. இந்தக் கம்பெனி ஒரு கர்ப்பிணியக்கூட சோதிச்சதில்ல.”

“விக்கிறோமே சார்?”

“விக்கிறது சேவைம்மா.”

“சரி, இத சாப்பிட்டவங்க பெத்த பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற வயசுல இருக்குமே. எப்படி நடக்குது, பேசுது, படிக்குதுன்னு போய்ப் பாத்தா தெரிஞ்சிடாதா?”

“தெரிஞ்சிடும்” என்றார் தலைவர், குரலைத் தணித்து. “தெரிஞ்சா வாக்கியத்த மாத்தணும். இவ்வளவு நல்ல வாக்கியத்த நீங்களே மாத்தச் சொல்லலாமா?”

சபை உருகிப்போனது. ஒருவர் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். மாத்திரை வேளை. அவள் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தாள்; தலைவரே எழுந்து தண்ணீர் ஊற்றித் தந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க விழுங்கினாள். தம்ளரை வைத்தாள்.

“நான் முழுங்கிட்டேன் சார், எம் பிள்ளையும் முழுங்கிடுச்சு. சோதனை நடந்துட்டுதான் இருக்கு. ரிசல்ட்ட உங்கள்ல யாரு எழுதிக்கறீங்க?”