கேஸ் தோங்கும் திங்கக்கிழமை எம்சியும்

திங்கக்கிழமை எனக்கிருந்த ஒரே வேல, மகளோட இங்கிலீஷ் வீட்டுப்பாடத்துக்கு வீடியோ எடுக்குறது.

ரவாங் ஃபேக்டரிக்குப் போகல. கிளினிக்ல இடுப்பு வலின்னு சொல்லி எம்சி, அதான் மெடிக்கல் லீவு லெட்டர், வாங்கியாச்சு. முந்தின நாள் கல்யாண விருந்துல ஆடுன ஆட்டத்துக்கு ஒரு நாள் ரெஸ்ட் வேணும்ல. ஆனா சூப்பர்வைசர் மாறன் போன மாசமே சொல்லிட்டாரு, இன்னொரு பொய் எம்சி மாட்டுச்சுன்னா வார்னிங் லெட்டர்தான்னு.

மக தர்ஷினி நாலாம் ஆண்டு. பாடம் அட்வெர்ப். கடைசியில எல்-ஒய் வந்தா அட்வெர்ப்னு நான் ஒரே வரியில முடிச்சுட்டேன். "அப்ப ஃபேமிலியும் அட்வெர்பா, அப்பா?"ன்னு கேட்டா.

கடைசியில அவதான் எனக்கு வெளக்குனா. ஒரு வேலைய எப்படிச் செய்யுறோம், எப்ப, எங்க, எத்தன தடவ, இதச் சொல்ற வார்த்தைதான் அட்வெர்ப். நாலுக்கும் ஒவ்வொண்ணு வேணும், நான் போன்ல எடுக்குறேன், நீங்க நடிங்கன்னா.

வாசல்ல புதுசா வந்த கேஸ் தோங், நெறஞ்ச சிலிண்டர், நின்னுச்சு. நடிப்புன்னு வந்துட்டா நான் அளவு பாக்குற ஆளில்ல. தூக்கித் தோள்ல வச்சு ரெண்டு சுத்து சுத்துனேன்.

அவ கணீர்னு சொல்றா. "மை ஃபாதர் லிஃப்ட்ஸ் த கேஸ் தோங் ஈஸிலி. ஹி இஸ் டூயிங் இட் டுடே. ஹி இஸ் டூயிங் இட் அவுட்சைட்."

எனக்கு மூச்சு வாங்குச்சு. "எத்தன தடவைக்கு நீயே எதாச்சும் சொல்லி டீச்சருக்கு அனுப்பிடு லா"ன்னுட்டுக் குளிக்கப் போயிட்டேன்.

டீச்சருக்குன்னா பெற்றோர் வாட்சப் குரூப். எங்க தமிழ்ப்பள்ளியில அந்த வகுப்புல மொத்தமே பதினோரு புள்ளைங்க. அதுல ஒண்ணு மாறன் மகன். இது எனக்குத் தல தொவட்டுறப்பதான் ஞாபகம் வந்துச்சு.

ஓடிப்போயி போனப் புடுங்கிப் பாத்தேன். டீச்சர் மூணு ஸ்டார் போட்டிருந்தாங்க. கடைசி வாக்கியத்த அப்பதான் கேட்டேன்.

"மை ஃபாதர் ஆல்வேஸ் டேக்ஸ் எம்சி ஆன் மண்டே."

அதுக்குக் கீழயே மாறனோட வாய்ஸ் மெசேஜ்.

"பாப்பா, ரொம்பத் தெளிவா சொல்லிட்ட. எப்படி, எப்ப, எங்க, எத்தன தடவ, எல்லாம் வந்துருச்சு. எனக்கு விசாரிக்கிற வேலையே இல்ல. அண்ணே, இடுப்பப் பாத்துக்குங்க."

மறுநாள் வார்னிங் லெட்டர் கைக்கு வந்துச்சு. பையில ஒளிச்சு வச்சிருந்தத மக கண்டுபிடிச்சு, பென்சிலால கோடு போட்டுக் காட்டுனா.

அந்த ஒரு பக்கத்துல மட்டும் அஞ்சு அட்வெர்ப்.