இருபத்தேழு நமசிவாயத்தில் திறந்த பக்கம்

குன்றாண்டார்கோவில்,
ஆவணித் திங்கள் பத்தாம் நாள்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி உதயசூரியன் அவர்களுக்கு, ஆண்டிச்சாமி கைகூப்பி எழுதுவது. ஈசன் திருவருளால் இவ்விடம் யாவரும் நலம். தங்கள் முழங்கால் வலி தணியவும், சம்பந்தியம்மாள் சுகமாய் இருக்கவும் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

"ஆவணி முகூர்த்தத்துக்குள்ள ஆர்டர் வரலேன்னா அடுப்ப அணைச்சிட்டு அருணாவத் திருச்சிக்கு அனுப்பி வைங்க சம்பந்தி, இங்க ஒரு வேலை பாத்து வச்சிருக்கேன்" என்று ஆனி மாதம் தொலைபேசியில் தாங்கள் கூறியது இரண்டு மாதமாய் என் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. இன்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். தங்கள் மகள் எங்கும் வர வேண்டியதில்லை. அவளுடைய சீர்ப் பலகாரக் கூடம் பிழைத்தது. ஆயினும் அது நோயில் விழுந்ததற்குக் காரணம் அடியேனே என்பதை மறைத்தால், நாள்தோறும் பூசும் திருநீற்றுக்கு அடுக்காது.

மருமகள் இணையதளம் தொடங்கியபோது அதன் முகப்பை அமைக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். காப்புச் செய்யுள் இல்லாமல் ஒரு நூல் நிற்குமா? ஆகவே காப்பு, கடவுள் வாழ்த்து, குலதெய்வ வணக்கம், அவையடக்கம் எனப் பன்னிரண்டு பாடல்கள் இயற்றி, என் கையெழுத்திலேயே படமெடுத்து ஏற்றச் செய்தேன். அவற்றை அடுத்து நம்மூர்க் குடமுழுக்குக் காணொளி, நாகசுரத்துடன். இவ்வளவையும் கடந்து வரும் அடியார்க்கே முறுக்கு தரிசனம் தரும். பக்கம் திறப்பதற்குள் ஐந்தெழுத்தை இருபத்தேழு முறை ஓதிவிடலாம். அதை நான் குறையென்று கருதவில்லை. வாங்க வருபவர் மனம் பக்குவப்படும் என்றே கருதினேன். வந்தவர்கள் பக்குவப்படவில்லை, போய்விட்டார்கள். தேடுபொறியில் நம் கூடம் ஐந்தாம் பக்கத்துக்கு இறங்கியது. ஐந்தாம் பக்கம் வரை செல்லும் பொறுமை தவசிகளுக்கே உண்டு. என் தங்கை கண்ணாத்தாளே தன் மகள் நிச்சயத்திற்குக் கைப்பேசியில் தேடி, முதலில் வந்த கடையை நம்முடையது என்று நினைத்து, அங்கே அதிரசம் சொல்லிவிட்டாள். விருந்தில் நான் இரண்டு தின்று, "நம்ம அருணா கைப்பக்குவம்" என்று நாலு பேர் கேட்கப் புகழ்ந்தேன். "இது நான் சுட்டதில்ல மாமா" என்றாள் அருணா. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள், தளத்தை அமைத்துத் தந்த ஆவூர் ஜெரால்டு வந்து பார்த்தார்.

"ஐயா, மூணு செகண்டுக்குள்ள தொறக்கலேன்னா ஆளு அடுத்த கடைக்குப் போயிருவாங்க. கூகுளும் வேகத்தப் பாக்கும். ரெண்டு பேருகிட்டயும் சரக்கு ஒண்ணுபோல இருந்தா, வெரசாத் தொறக்குறவனத்தான் முன்னால நிறுத்தும்."

"அப்ப பக்திக்கு எடமே இல்லையா தம்பி?"

"பக்தி இருக்கட்டுங்கய்யா. எடைதான் கூடிப்போச்சு."

அடுப்படியிலிருந்து என் மனைவி செவந்தி, "பந்தியில உக்காந்தவனுக்கு எலையப் போடாம பன்னெண்டு பாட்டுப் பாடுனா, அவன் எந்திரிச்சுப் போகாம என்னங்க செய்வான்?" என்றாள். நாற்பது ஆண்டு தமிழ் கற்பித்த நானே, "வெட்டிருங்க தம்பி" என்று ஜெரால்டிடம் சொன்னேன்.

காணொளி நீங்கிற்று. பலகாரப் படங்கள் இளைத்தன. என் பாடல்களில் ஒரே ஒரு வரி, படமாக அன்றி எழுத்தாக, எஞ்சியது. இப்போது "நம" என்று வாயெடுப்பதற்குள் முறுக்கு வந்து நிற்கிறது. "ஒடனே ஏறாதுங்கய்யா, கூகுளு திரும்ப வந்து பாக்கணும்" என்றார் ஜெரால்டு. ஆடி முழுதும் காத்திருந்தோம். அடியேன் பிள்ளையாரிடம் ஒரு வேண்டுதலும் வைத்தேன். ஆவணி பிறந்ததும் முதல் பக்கத்தில் மூன்றாம் இடம்! பதினொரு வீட்டுச் சீர் நம்மிடம் வந்துவிட்டது. கத்தார் நாட்டுத் தோகாவில் வேலையிலிருக்கும் பிள்ளை சிவபிரகாஷ் கேட்டுக் குளிர்ந்துபோனான். அருணாவும் சிரித்தாள். "மாமா, திருச்சிக்கு வரலேன்னு அப்பாட்ட நீங்களே எழுதிருங்க" என்றவள், "ஒங்களுக்குத்தான் எழுத்துப்பிழை பொறுக்காதே, வெலைப்பட்டியலத் திருத்திக் குடுங்க" என்று தளத்தின் கடவுச்சொல்லையும் என்னிடமே ஒப்படைத்தாள். என் மூச்சு இப்போதுதான் சீராக வருகிறது.

தங்கள் குடும்பம் ஆலெனத் தழைத்து, அறுகென வேரோடி, ஈசன் நிழலில் நீடு வாழ்க.

அன்புடன்,
ஆண்டிச்சாமி

பின்குறிப்பு: பிள்ளையாரிடம் வைத்த வேண்டுதல் யாதெனில், தளம் முதல் பக்கம் ஏறினால் முகப்பில் நூற்றெட்டுப் பாடல் சாத்துகிறேன் என்பதே. நேர்த்திக்கடனைத் தள்ளிப்போடலாகாது. அருணா வெல்லம் வாங்கப் புதுக்கோட்டைக்குப் போயிருக்கும் இவ்வேளையில், அனைத்தையும் கையெழுத்துப் படங்களாகவே ஏற்றி முடித்தேன். அபிடேகக் காணொளியும் உண்டு. இப்போது தளத்தைத் திறந்து வைத்து அமர்ந்திருக்கிறேன். வெண்திரையில் சிறு வட்டம் ஒன்று வலமாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது, நல்ல சகுனம். ஐந்தெழுத்து முந்நூறு ஆயிற்று. தங்களிடத்தில் திறந்தால் தெரிவிக்கவும். அந்தத் திருச்சி வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்பதையும் தெரிவிக்கவும், அருணா அறியாமல்.