மாதிரி வீட்டு விளக்கு

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் அடக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். அங்கு தாங்களும், வீட்டில் உள்ளவர்களும், தங்கள் எலக்ட்ரிக் கடையும், அதிலுள்ள பல்பு, ஒயர் முதலானவைகளும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். இக்கடிதத்தின் நோக்கம் யாதெனில், நான் பெரிய ஆளாகிவிட்டேன் என்பதைத் தங்களுக்குத் தெரிவிப்பதே.

சென்ற முறை வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னிலையிலும், "டார்ச் மாப்ளே, உங்களுக்கு நியூட்ரல் எது, ஃபேஸ் எதுன்னாவது தெரியுமா?" என்று கேட்டீர்கள். சினிமா தியேட்டரில் டார்ச் அடித்து சீட் காட்டியவன்தான் நான், மறுக்கவில்லை. ஆனால் இருட்டில் தடுமாறுகிறவர்களுக்கு வெளிச்சம் காட்டுவதைத் தவிர வேறு என்ன பெரிய வேலை இந்த உலகத்தில் இருக்கிறது, சொல்லுங்கள். அந்தக் கேள்வி நெஞ்சிலேயே கிடந்தது. அதுவும் போகட்டும். நம் தெரு திரும்புகிற வளைவு உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து உங்கள் தங்கை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. அங்கே இருந்த பள்ளத்தில் கால் பிசகி அவள் விழுந்ததை உங்களிடம் சொல்லவேண்டாம் என்றாள், அதனால் சொல்லவில்லை. அதற்கப்புறம் தினமும் பயந்து பயந்துதான் வருவாள். "பேசாம வேலையை விட்டுடறேங்க" என்று ஒருநாள் சொன்னாள் பாருங்கள், எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு அந்த வேலைன்னா உயிரு.

அப்போதுதான் சாலையோரச் சூரிய விளக்குத் திட்டம் வந்தது. பொதுச் சாலையை ஒட்டி மதில் வைத்திருப்பவர்கள் சூரிய ஒளித் தகடு மாட்ட இடம் கொடுத்தால் போதும், விளக்கு அரசாங்கம் போடும், வீட்டுக் கரண்ட் பில்லிலும் ஊக்கத்தொகை என்று ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார்கள். நம்ம மதில் வளைவுக்கு நேராத்தானே நிக்குது? முதல் ஆளா போய் நின்னேன். இன்ஜினியர் அம்மா வந்து பார்த்துட்டு, தகடு மேல நிழல் விழக்கூடாது, மதிலோரத்து மரத்துக் கிளையை எடுத்துடுங்கன்னாங்க. ஆள் வச்சா செலவுன்னு நானே ஏறினேன். கிளை நான் நினைச்ச பக்கம் விழாம எதிர்வீட்டு டீச்சரோட ஸ்கூட்டர் மேல விழுந்தது, நான் கிளை நினைச்ச பக்கம் விழுந்தேன், டீச்சர் வெளியே வந்து முதல்ல ஸ்கூட்டரைத்தான் பார்த்தாங்க. முழங்கை இன்னும் சரியா மடங்கலை, அதனாலதான் கையெழுத்து இப்படி இருக்கு, மன்னிக்கவும்.

ஆனா பட்ட பாடு வீண் போகலை மச்சான். லைன்மேன் வந்து மதில் மேல விளக்கையும் தகட்டையும் மாட்டினார். மாட்டிட்டு இறங்கி வந்து என்ன சொன்னார் தெரியுமா? "சார், இது மாதிரி." நம்ம வீடு மாதிரி வீடு! இத்தனை வீடு இருக்கிற தெருவுல நம்ம வீட்டைப் போய் மாதிரின்னு தேர்ந்தெடுத்திருக்காங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. டீச்சரைக் கூப்பிட்டு, தியேட்டர் யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு, தகடு பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன். அந்த நேரம் பார்த்து லைன்மேன் போர்டிகோ பக்கம் ஒயரைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ கேட்டார். போட்டோவுக்குச் சிரிச்சுக்கிட்டிருக்கும்போது அதையெல்லாம் யார் காதுல வாங்கறது? "தாராளமா எடுத்துக்கோங்க"ன்னுட்டேன். மறுநாளே "மாதிரி வீடு"ன்னு கொட்டை எழுத்துல போர்டு எழுதி கேட்டுல மாட்டிட்டேன். போட்டோ இத்துடன் இணைத்துள்ளேன், கடையில் கல்லாவுக்கு மேல் மாட்டலாம்.

விளக்கோட தரத்தைச் சொல்லணும். பொழுது சாய்ஞ்சா தானா எரியுது. தூசி படுதேன்னு ஒருநாள் தகடு மேல போர்வையைப் போட்டு மூடி வச்சு, எடுக்க மறந்துட்டேன். அன்னைக்கும் ஜெகஜோதியா எரிஞ்சது. அப்புறம் விடாம மழை, சூரியன் தலையே காட்டலை, நம்ம விளக்கு அசரலையே. முன்னாடியே சேர்த்து வச்சிருக்கும் போல. ஒரே ஒருநாள் தெருவுக்கே கரண்ட் போனப்ப இதுவும் அணைஞ்சது. "சூரிய விளக்கு ஏன் சார் அணையுது?"ன்னு டீச்சர் கேட்டாங்க. "ஊரோட ஒத்துப்போற விளக்கும்மா"ன்னேன். படிச்சவங்களுக்கும் எல்லாம் தெரியாது. பில் மட்டும் கொஞ்சம் ஏறித்தான் வந்திருக்கு, ஊக்கத்தொகை கணக்குல ஏற நாளாகும்னு நினைக்கிறேன். அதெல்லாம் கிடக்கட்டும். உங்க தங்கச்சி இப்போ கையை வீசிக்கிட்டு வர்றா மச்சான். வேலையை விடற பேச்சே இல்லை. வளைவுல அவ தலை தெரியறப்ப, அவ மேல விழற வெளிச்சம் என் வீட்டு மதில்லேருந்து போறதுன்னு நினைச்சா எனக்கு நெஞ்சு நிமிர்ந்துடுது.

ஆகவே தாங்கள் குடும்பத்தோடு வந்து விளக்கையும் போர்டையும் பார்வையிட வேண்டும். நியூட்ரல் தெரியாதவன் என்ன செய்திருக்கிறான் என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள். பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, தங்கள் கடையில் நல்ல வியாபாரம் நடக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை,
மாதிரி வீடு.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டறதுக்கு முன்னாடி, ஃபேன் ரெகுலேட்டர் கடமுடன்னு சத்தம் போடுதேன்னு கழற்றிப் பார்க்க மெயினை அணைச்சேன். வெளியே வளைவு விளக்கும் அணைஞ்சது. மெயினைப் போட்டேன், எரிஞ்சது. அணைச்சேன், அணைஞ்சது. லைன்மேனுக்கு போன் போட்டேன். "அதான் அன்னைக்கே சொன்னேனே சார், இது மாதிரின்னு. சும்மா பார்வைக்கு மாட்டினது, உள்ளே ஒண்ணும் கிடையாது. அசல் தகடு வர்ற வரைக்கும் உங்க போர்டிகோ லைன்லேருந்து விளக்குக்குக் கரண்ட் கொடுக்கட்டுமான்னு கேட்டேன். நீங்கதானே தாராளமான்னீங்க?" அரசாங்கம் எனக்கு ஊக்கம் கொடுக்குதுன்னு நினைச்சேன் மச்சான், இத்தனை நாளா நான்தான் அரசாங்கத்துக்கு ஊக்கம் கொடுத்துக்கிட்டிருக்கேன்.

போன்ல பேசிக்கிட்டே மெயினைப் போட மறந்துட்டேன். அது உங்க தங்கச்சி வர்ற நேரம். பழைய டார்ச்சை எடுத்துக்கிட்டு ஓடினேன். வளைவுல சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தா. சீட் காட்டற மாதிரி காலடியில வெளிச்சம் போட்டுக் கூட்டிட்டு வந்தேன். வழியிலேயே எல்லாத்தையும் சொல்லிட்டேன். சிரிப்பான்னு பார்த்தேன், சிரிக்கலை. "முதல்ல மெயினைப் போடுங்க. அசல் வர்றப்ப வரட்டும், அதுவரைக்கும் பில்லு என் சம்பளத்துல. போர்டும் இருக்கட்டும். எங்க அண்ணன்கிட்ட மட்டும் வாயைத் திறந்துடாதீங்க, உங்களை ஓட்டியே எடுத்துடுவார்"னா.

அதனால இந்தப் பின்குறிப்பை நீங்க படிக்கவே இல்லை. வரும்போது சட்டைப் பைக்குள்ள ஒரு டெஸ்டர் மட்டும் மறைச்சு எடுத்துட்டு வாங்க. அவ டியூட்டிக்குப் போனதும், நியூட்ரல் எதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுங்க.