பென்சன் அண்ணாச்சி காப்பாற்றிய அல்லேலூயா

பாடுகிறவர்கள் உண்டு, கேட்கிறவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. பாடகர் குழு இருக்கிற ஊரிலெல்லாம் அதைப் பார்க்கலாம். தான் பாடிக்கொண்டே பக்கத்து ஆளைத் திருத்துகிற இனம். வாய் தன் வரியைப் பாடும், காது அடுத்தவன் வரியில் மேயும், புருவம் இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கும்.

எங்கள் ராஜபாளையம் கிறிஸ்தவ சபையில் அந்த இனத்துக்கு ஒரே பிரதிநிதி பென்சன் அண்ணாச்சி. நூற்பாலை சூப்பர்வைசர். அம்புட்டு இரைச்சலிலும் எந்த மெஷின் மக்கர் செய்கிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவாராம், அவரே சொன்னது. அப்பேர்ப்பட்ட காது ஞாயிற்றுக்கிழமை மட்டும் சும்மா இருக்குமா? பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து, கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டி, "இதுவே சுருதி எறங்கியிருக்கு" என்பார். கரண்டில் ஓடும் கீபோர்டு எப்படி இறங்கும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் விளக்குவாரே!

கீழ்க்குரல் வரிசையில் அவருக்குப் பக்கத்தில் நிற்பவன் மெல்வின், செல்போன் கடைக்காரன். அருமையான குரல். ஒரே குறை, யார் அதட்டினாலும் நம்பிவிடுவான்.

"ஏலே மெல்வின், சுருதி எறங்குது!"

ஏற்றுவான்.

"இப்போ ஏறிட்டு!"

இறக்குவான். முதல் தடவை பாடியதுதான் சரி என்பது அதே வரிசையில் நிற்கும் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தேனா? இல்லை.

இந்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த பாடகர் குழு விழாவுக்கு எங்கள் குழுவை நடத்தும் ஸ்வீட்லின் டீச்சர் பைபிளின் நூற்றைம்பதாம் சங்கீதத்தைத் தேர்ந்தெடுத்தார். போன நூற்றாண்டில் எவரோ அமைத்த இசை. பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் வேண்டுமென்றே தோளோடு தோள் இடித்துக்கொள்ளும். கடைசி அல்லேலூயாவுக்கு முன்னால் மூன்று பீட் முழு மௌனம். சபை மூப்பர்கள் கேட்டுவிட்டு, "பாட்டா இது, சந்தைக்கடையா? ஒரு தடவை பாடுங்க. சொதப்புனா பொறவு பழைய பாட்டுதான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணாச்சிக்குக் கொண்டாட்டம். "யாரோ தப்பாப் பாடுதாக டீச்சர்."

"இல்லண்ணாச்சி, அப்படித்தான் எழுதியிருக்கு."

"அப்போ எழுதினவரு தப்பு."

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் மெல்வின் டீச்சரிடம் போய் நின்றான். "நான் வரல டீச்சர். எனக்குக் காதே இல்லன்னு அண்ணாச்சி சொல்லுதாக."

"விழா வரைக்கும் நில்லு மெல்வின். பொறவு உன் இஷ்டம்."

நின்றான்.

விழா நாள் வந்தது. சர்ச் நிறைய ஜனம். இடித்துக்கொள்ள வேண்டிய சுரங்கள் அழகாக இடித்துக்கொண்டன, மூப்பர்கள்கூடத் தாளம் போட்டார்கள், மௌனம் வந்தது. ஒன்று. இரண்டு. அண்ணாச்சியின் புருவம் ஏறியது. அடப்பாவிகளா, முப்பது பேரும் ஒருசேரக் கோட்டைவிட்டுவிட்டார்களே! சபை மானம் என்னாவது? மூச்சை இழுத்தார்.

"அல்லேலூயா!"

தனியாக. பஸ் ஹாரன் மாதிரி.

டீச்சரின் கை அந்தரத்தில் நின்றது. அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது, புருவம் சரிந்தது, முகம் வெளுத்தது. அந்த நொடியில் அவரைப்போல் தனியான மனிதர் விருதுநகர் ஜில்லாவிலேயே கிடையாது. மெல்வின் அப்படியே விட்டிருக்கலாம். நானாக இருந்தால் விட்டிருப்பேன். அவனோ அதே சுருதியைப் பிடித்து, மெதுவாக, "அல்லேலூயா" என்று பதில் கொடுத்தான், என்னமோ அப்படித்தான் எழுதியிருக்கிற மாதிரி. டீச்சர் சட்டென்று பெண்கள் பக்கம் கையைத் திருப்பினார். அவர்கள் எடுத்தார்கள். அப்புறம் முப்பது பேரும் எடுத்தோம் பாருங்கள், ஓடு பறக்காததுதான் பாக்கி!

ஜனம் எழுந்து நின்றுவிட்டது. மூப்பர் ஓடிவந்தார். "அந்தத் தனிக்குரல் இருக்கே, பிரமாதம்! அடுத்த வருஷமும் இதே மாதிரி எடுங்க டீச்சர்."

வேன் பக்கத்தில் அண்ணாச்சி மெல்வினின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டோம்.

"நல்லாப் பாடுனலே." தொண்டையைச் செருமினார். "ஆனா செத்த லேட்டா எடுத்துட்ட."

மெல்வின் சரி என்று தலையாட்டாதது அதுதான் முதல் தடவை. "இல்லண்ணாச்சி. நீங்கதான் முந்திட்டீக."

அண்ணாச்சி அவனையே பார்த்தார். பிறகு குபீரென்று சிரித்தார் பாருங்கள், வேனே குலுங்கியது.

இதைப் படித்ததும் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் வந்திருக்கும். உடனே அவருக்கு அனுப்பி வைக்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். இதையே உங்களுக்கு எத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.