மின்தடையில் இருபத்தெட்டு ஆண்டுகள்

குடியிருப்போர் சங்க மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

மூன்றாம் மாடி மின்பொறியியல் பேராசிரியர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மனைவியும் சௌக்கியம். தாங்களும் தங்கள் அச்சுப்பொறியும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

போன வாரம் நான் அனுப்பிய கோபக் கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள். திருத்தம் வெளியிடாவிட்டால் சங்கத்தை விட்டே விலகுவேன் என்று அதில் எழுதியிருந்தேன். இப்போது விலகுவதாக இல்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

'நம்மில் ஒருவர்' பகுதிக்காக என் படிப்பையும் ஆராய்ச்சியையும் பற்றி நாலு பக்கம் எழுதித் தந்தேன். இளநிலை, முதுநிலை, அப்புறம் ஆறு வருடம் முனைவர் பட்டம், இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மின்னோட்டத்துக்கு எவ்வளவு தடை உண்டாகிறது, அந்த இடம் ஏன் சூடாகிறது என்று எல்லாவற்றையும் விளக்கியிருந்தேன். தாங்கள் இடமில்லை என்று ஒரே வரியாகச் சுருக்கி, 'பேராசிரியர் இருபத்தெட்டு ஆண்டுகளாக மின்தடையில் ஈடுபட்டு வருகிறார்' என்று போட்டுவிட்டீர்கள். பாடப் புத்தகத்தில் மின்தடை என்றால் மின்னோட்டத்தைத் தடுக்கும் கம்பியின் குணம். நம் குடியிருப்பில் மின்தடை என்றால் கரண்ட் போவது.

இதழ் வந்த மறுநாளே ஆரம்பித்தது. கரண்ட் போன ஐந்தாவது நிமிடம் முதல் மாடி அம்மாள் போன் செய்து, "சார், மிக்ஸி பாதியில நிக்குது, எப்ப விடுவீங்க?" என்றார். நான் விடுவதில்லை என்றேன். "விடமாட்டேன்னா என்ன சார் அர்த்தம்?" என்று சண்டைக்கு வந்தார். அடுத்து ஓய்வுபெற்ற தபால்காரர், லிஃப்டுக்குள் இருந்து: "உங்க ஆராய்ச்சியைக் கொஞ்சம் சீக்கிரம் முடிங்க சார், நான் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நிக்கிறேன்." என் மனைவி போனை எடுத்தால் எல்லோருக்கும், "இதோ விடச் சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். என் படிப்பின் மேல் அவளுக்குப் பழைய மனக்குறை. "கல்யாணமான நாள்லருந்து கேக்குறேன், உங்க ஆராய்ச்சியால ஒரு வீட்டுக்காவது உபயோகம் உண்டா?" என்பாள். நான் உடனே செய்தித்தாளை விரித்துக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு இரண்டாம் மாடித் தையல்காரம்மா போன் செய்தார். "எங்க வீட்ல மட்டும் கரண்ட் இல்ல சார், வந்து பாருங்க" என்றார். இறங்கி ஓடினேன். கதவைத் திறந்ததும் சோதனைக்கூடத்தில் நான் காலமெல்லாம் முகர்ந்த அதே தீய்ந்த வாடை. மெயினை அணைத்துவிட்டு ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தால், ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, கம்பி நுனி கருகி, மேலுறை உருகியிருக்கிறது. நேர் கீழே இடுப்பளவு துணிமூட்டை. அடுத்த அறையில் அவருடைய பேத்தி தூளியில் தூங்குகிறது. அந்த நுனி மறுபடி ஒருமுறை தொட்டு விலகியிருந்தால் பொறி பறந்து மூட்டையில் விழுந்திருக்கும் சார். கருகியதை வெட்டிவிட்டுப் புது நுனி சீவி இறுக்கினேன். மாடியேறி வந்ததும் மனைவி கேட்காமலே காப்பி கொடுத்து, "இன்னிக்குத்தாங்க நீங்க என்ன படிச்சீங்கன்னு எனக்குப் புரிஞ்சுது" என்றாள். பட்டமளிப்பு விழாவில்கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. 

தாங்கள் மின்தடை என்று போட்டதால் அல்லவா அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டார்! ஆகவே திருத்தம் வேண்டாம். தங்கள் கத்தரிக்கோலுக்கு என் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது. தாங்கள் நீடூழி வாழ்ந்து எல்லோருடைய நாலு பக்கத்தையும் ஒரே வரியாக்க வேண்டும்.

மாறாத நன்றியுடன்,
மின்தடைப் பேராசிரியர்

பி.கு.: உறையை ஒட்டும் முன் மனைவி இதைப் படித்தாள். "எல்லாம் சரி, போன மாசம் அவங்க வீட்டுப் பெட்டியைத் திறந்து அந்த ஸ்க்ரூவை மாட்டிட்டு வந்தது யாரு?" என்றாள். நான்தான். ஸ்க்ரூ டிரைவர் கிடைக்காமல் நகத்தால் முடுக்கியது அடியோடு மறந்துவிட்டது. உடனே போய்த் தையல்காரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் மெஷினை நிறுத்தாமலே, "தெரியும் சார், அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். இதழெல்லாம் நான் எங்க படிக்கிறேன்? செருப்புகூடப் போடாம ஓடி வந்தீங்களே, அது போதும்" என்றார். ஆகவே மேலே தங்களுக்குச் சொன்ன நன்றி முழுவதையும் அந்த அம்மாளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். தாங்கள் திருத்தத்தை வெளியிடலாம்.