மூன்று வரியில் என் மனைவி

கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வது, கேட்பதைவிடக் களைப்பான வேலை. கல்யாணமானவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எனக்குப் புதுக்கடை என்ற ஊரில் பெயிண்ட் கடை. "இந்த நீலம் இல்ல, அந்த நீலம்" என்பவர்களோடு பகல் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு வந்து சாய்ந்தால், குவைத்தில் நர்ஸாக இருக்கும் என் மனைவி ஷீபாவின் வாய்ஸ் மெசேஜ் காத்திருக்கும். பத்து நிமிடத்துக்குக் குறையாது. முடியாமல் போய், போனிலிருந்த ஏஐ உதவியாளனிடம் ஒப்படைத்தேன். அவன் மூன்று வரியில் சாறு பிழிந்து தந்தான். பதிலும் அவனே எழுதினான். "இப்பம் நீங்க நல்லா ஆறுதலா எழுதுதிய" என்று ஷீபா அழுதாளாம். (அதையும் சுருக்கத்தில்தான் படித்தேன்.) கொஞ்ச நாளில், எதிரே நின்று பேசுகிறவர்களிடம்கூட இரண்டாவது நிமிடத்தில் என் கை போனைத் தேட ஆரம்பித்தது.

இரண்டு வருடம் கழித்து லீவில் வருவதாகச் செய்தி அனுப்பினாள். மூன்று வரி: சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திருவனந்தபுரம் வருகிறார். உங்களை விமான நிலையம் வரச் சொல்கிறார். உங்கள் அக்காவைப் பற்றியும் பேசுகிறார்.

எங்கள் பக்கம் வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால், வேன் பிடித்துக் குடும்பத்தோடு போய் அழைத்துவருவதுதான் மரியாதை. பாசமாகப் பேசியிருக்கிறாளே என்று அக்காவை முன்சீட்டில் உட்காரவைத்தேன். கையில் ரோஜா மாலை வேறு. வெளியே வந்த ஷீபா எங்கள் கூட்டத்தைப் பார்த்து டிராலியோடு அப்படியே நின்றுவிட்டாள். கண் கலங்கியிருந்தது. (ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன்.)

வேன் கிளம்பியதும் மெதுவாகக் கேட்டாள். "நான் அனுப்பினத கேட்டியளா?"

"கேட்டேனே."

"என்ன சொன்னேன்?"

மூன்று வரியைத் தேடிப் போனை எடுத்தேன். பதற்றத்தில் விரல் அசல் மெசேஜில் பட்டது. பாட்டுக்காக என் போனைத்தான் வேன் ஸ்பீக்கரோடு இணைத்திருந்தோம்.

"வேன் பிடிச்சு ஆளு கூட்டிட்டு வராண்டாம். நீங்க மட்டும் வாங்க. களியக்காவிளையில ஒரு சாயா குடிச்சிட்டு, பேசிட்டே மெதுவா போவோம். ரெண்டு வருசமா இதத்தான் நெனச்சிட்டு இருக்கேன். மைனிய மட்டும் கொண்டு வந்திராதீங்க. நான் வச்ச மீன்குழம்ப தான் வச்சதுன்னு ஊரெல்லாம் சொன்ன ஆளு..."

மைனி என்றால் என் அக்கா. போனை அணைக்கப் போனேன்.

"நிறுத்தாதலே, முழுசா கேக்கட்டும்" என்றாள் அக்கா, மடியில் மாலையோடு.

வேனே மூச்சுவிடாமல் கேட்டது. என் மனைவி பேசியதை முதல் தடவையாக முழுதாக நான் கேட்டதும் அன்றுதான். கடைசியில் அவள் குரல் உடைந்தது. வெட்கமாக இருந்தது. இதற்கு முன்னால் எத்தனை முறை உடைந்ததோ.

களியக்காவிளையில் அக்கா வேனை நிறுத்தச் சொன்னாள்.

"ரெண்டு பேரும் இறங்குங்க. சாயா குடிச்சிட்டு பஸ்ல வாங்க. ஏட்டி ஷீபா, அந்த மீன்குழம்பு நான் வச்சதுதான். மத்தபடி நீ சொன்னதெல்லாம் சரி."

சாயா ஆறும்வரை ஷீபா ஒன்றுமே பேசவில்லை. (சுருக்கத் தேவையில்லாத ஒரே சந்தர்ப்பம்.)

இன்றும் எங்கள் வீட்டில் யார் வாய் திறந்தாலும், "முழுசா சொல்லவா, மூணு வரியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். நான் உதவியாளனை அன்றே அழித்துவிட்டேன். பிரயோசனமில்லை. குவைத்துக்குத் திரும்பிய ஷீபா இப்போது பத்து நிமிட மெசேஜையெல்லாம் அக்காவுக்குத்தான் அனுப்புகிறாள். முழுசாகக் கேட்கிற ஆள் அவள்தானாம். அக்கா கேட்டு முடித்து, எனக்கு மூன்று வரியில் சொல்கிறாள்.