தகரம் தேடிய வளைவு

ஜவ்வாது மலையில் நேரான பொருள் எதையும் மதிக்காத ஒரே மனிதர் தகரம்தான். அவருடைய சாமை வயலில் உழவுசால் பாம்பு போன தடம் மாதிரி இருக்கும். வீட்டு வாசல் நிலைக்கே வளைந்த மரத்தைத்தான் போட்டிருந்தார். உள்ளே நுழைகிறவர்கள் தலையை இடது பக்கம் சாய்த்துக்கொள்ள வேண்டும். மறந்தவர்களை ஜமுனாமரத்தூர் சந்தையில் நெற்றி வீக்கத்தை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம்.

அவருக்கு அந்தப் பெயர் வந்ததற்கு நான்தான் காரணம்.

எண்பதுகளின் தொடக்கம். வேலூரில் இன்ஜினியரிங் டிப்ளமா முடித்த கையோடு, கடலூர் பழைய துறைமுகத்தில் நின்ற ஒரு பாய்மரக் கப்பலைப் பராமரிக்கும் தொண்டர் குழுவில் சேர்ந்திருந்தேன். வரைபடமே இல்லாமல் கண்ணளவில் கட்டிய பழங்காலத்து மரக்கப்பல். மற்றவர்கள் பாசியைச் சுரண்டினார்கள், எண்ணெய் பூசினார்கள், பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்தார்கள். நான் பட்டியல் போடுகிறவள் என்பதால் பொருள் சேகரிக்கும் பொறுப்பு என்னுடையது. ஒன்று, பஞ்சு. இரண்டு, குங்கிலியம். மூன்று, நார்க்கயிறு. ஆறு வரை வாங்கி அடித்துவிட்டேன். ஏழாவது, 'வளைந்த மரம் - 1'.

கப்பலின் விலா மரம் ஒன்று உளுத்துப்போயிருந்தது. "நேர் மரத்துல வளைவு செதுக்குனா ஒடஞ்சுடும்மா. வளைஞ்சே வளந்ததா வேணும்" என்றார் கப்பல் தச்சரான ஓடாவி. அந்த வளைவுக்கு அளவு மாதிரியாக ஆளுயரத் தகரம் ஒன்றை வெட்டிக் கையில் கொடுத்தார். ஐப்பசி மழைக்குள் மாற்றாவிட்டால் கப்பலை உடைத்து விறகுக்குப் போட்டுவிடுவேன் என்று உரிமையாளர் சொல்லியிருந்தார்.

மர டிப்போக்களில் எல்லாமே நேர் மரம். கடைசியில் ஒரு லாரிக்காரர், "ஜமுனாமரத்தூர்ல ஒருத்தரு கீறாரு. கோணல்னா அவருக்கு உசுரு" என்றார். மலை பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் தகரத்தை உட்கார வைத்தேன். கண்டக்டர் அதற்கும் அரை டிக்கெட் கிழித்தார்.

மலைக்காரர் தகரத்தைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கைகளாலும் வாங்கினார். "இன்னா அழகா வளஞ்சிகீது! வுடு இன்ஜினீரம்மா, நான் பாத்துக்கறேன்."

மலையில் டீச்சராக இருந்த தோழியின் அறையில் தங்கிக்கொண்டேன். அடுத்த பத்து நாளும் மலைக்காரர் அந்தத் தகரத்தோடுதான் நடமாடினார். பலா மரம், வேப்ப மரம் எதையும் விடவில்லை. மரங்கள் தீர்ந்ததும் எருமைக் கொம்பில் வைத்தார், நின்றிருந்த பஸ்ஸின் மட்கார்டில் வைத்தார். டீக்கடைக்காரர் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது முதுகில் ஏதோ சில்லென்று பட்டது.

"யோவ் தகரம், இன்னாய்யா பண்ற?"

"அசையாத. நீ மட்டும் மரமா பொறந்திருந்தா இந்நேரம் கப்பல் ஏறியிருப்ப."

சந்தையே சிரித்தது. பெயரும் அன்றே நிலைத்தது.

பதினோராம் நாள், திரும்பிப் போவதைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். தலையைச் சாய்க்க மறந்து நெற்றியில் இடித்துக்கொண்டேன். அவர் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். மலையில் அந்த வளைவு இல்லை என்பதை அவரால் தாங்கவே முடியவில்லை.

முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிராமலே கேட்டார்: "ஏ மன்சா, தெனமும் பொழுது சாஞ்சா அந்தத் தகரத்த எங்க வெக்கிற?"

"புளிய மரத்துல. ஆடு மிதிக்காம இருக்க."

"நேத்து அடிச்ச காத்துல கூரை ஓலையே பறந்துச்சே. தகரம் ஏன் உழல?"

மூவரும் அண்ணாந்து பார்த்தோம். வீட்டுக்கு மேல் கவிந்திருந்த புளியங்கிளையின் முதுகில், அளவெடுத்துத் தைத்த சட்டை போல, தகரம் ஒட்டிப் படுத்திருந்தது.

அவர் ஆடிய ஆட்டத்தைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. நான் உடனே பட்டியல் போட்டேன். வெட்ட ஒரு நாள், லாரிக்கு ஒரு நாள், செதுக்கிப் பொருத்த ஒரு வாரம். மழைக்கு முன் முடிந்துவிடும். ரேஞ்சர் ஆபீஸ் அனுமதியும் வாங்கிவிட்டேன். ஆனால் அவர் கோடாலியைத் தொடவில்லை.

"இப்ப வளர்பிறை. வெட்டுனா பூச்சி அரிச்சிடும். தேய்பிறை வரட்டும்."

"எட்டு நாளா? மழை வந்துடும்ண்ணா. கப்பலை உடைச்சுடுவாங்க."

"மழை வந்தா கப்பலு நனையும். பூச்சி வந்தா முழுகும். உனுக்கு எது வேணும்?"

பட்டியலை மடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். தேய்பிறையில் வெட்டிய கிளையோடு லாரி இறங்கியது. கிளையைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று அவரும் ஏறிக்கொண்டார்.

அதற்கு முன் அவர் கடலைப் பார்த்ததில்லை. கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு ஏமாற்றத்தோடு கேட்டார்: "இன்னாம்மா இது, அந்தக் கோடி இவ்ளோ நேரா கீது?"

"அதுவும் வளைவுதான்ண்ணா. ரொம்பப் பெரிய வளைவு. அதனால கண்ணுக்குத் தெரியல."

"அப்ப செரி" என்று கடலை மன்னித்தார்.

மழை முந்திக்கொண்டது. கிளை வந்து இறங்கிவிட்டதைப் பார்த்து உரிமையாளர் ஒரு வாரம் பொறுத்துக்கொண்டார். தார்ப்பாய்க்கு அடியில் ஆறு நாள் வேலை. ஓடாவி செதுக்கினார், நாங்கள் தூக்கிப் பிடித்தோம். கிளை விலாவில் போய் உட்கார்ந்த சத்தத்தில் உரிமையாளரே குடையைக் கீழே போட்டுவிட்டார். கப்பலைத் தண்ணீரில் இறக்கியதும் ஒழுகுகிறதா என்று பார்க்க விளக்கோடு அடித்தளத்துக்கு இறங்கினேன். ஒரு சொட்டு இல்லை. தகரம் எனக்கு முன்பே அங்கே இருந்தார். கிளையைத் தட்டிக்கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நீ இங்கியே இரு. வூட்ல நெழலு போச்சுன்னு அவ திட்டுவா. அத நான் வாங்கிக்கறேன்."

நான் சத்தம் போடாமல் மேலே ஏறிவிட்டேன்.

அடுத்த வருடப் பட்டியலில் ஆறு பொருள்கள்தான் தேவைப்பட்டன. இருந்தாலும் ஏழாவதாக 'வளைந்த மரம் - 1' என்று எழுதிக்கொண்டு மலை பஸ்ஸில் ஏறினேன்.